இரண்டு டிக்கெட்டுக்கு நடுவே

சிட்னியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பதினொன்றரை மணி இருக்கும். படுக்கப் போகும் முன் போனைப் பார்த்தேன். விமான நிறுவனத்திலிருந்து ஒரு மெயில். "உங்கள் பயணத்தில் சிறிய மாற்றம்" என்று தலைப்பு. கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன்: ஏற்றுக்கொள்கிறேன். தினமும் ஆபீசில் நூறு பாப்-அப்களுக்கு 'ஓகே' அழுத்தும் விரல். அதுவே அழுத்திவிட்டது. அதற்குப் பிறகுதான் படித்தேன்.

சிறிய மாற்றம் என்பது ஐந்து மணி நேரம். வியாழன் காலை பத்துக்குக் கிளம்பி மாலை நான்குக்குச் சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டிய விமானம், இனி மதியம் மூன்றுக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குப் போய்ச் சேரும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு என் அடுத்த விமானம் இரவு எட்டு மணிக்கு. அது வேறு நிறுவனம், வேறு டிக்கெட். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பாவின் முதல் வருஷத் திதி. காரியம் செய்ய வேண்டியவன் நான்.

கால் சென்டரில் பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார். "சிங்கப்பூர் வரைக்கும் உங்களைக் கொண்டுபோய் விடுவது எங்கள் பொறுப்பு சார். அதை நாங்கள் செய்கிறோம்." "ஆனால் நான் சிங்கப்பூருக்குப் போகவில்லையே, திருச்சிக்குப் போகிறேன்" என்றேன். "எங்கள் திரையில் அப்படி எதுவும் இல்லை சார்." அந்தப் பதிலில் தப்பு எதுவும் இல்லை. அவர் திரையில் என் திருச்சி இல்லை. மாற்றத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் கூப்பிட்டிருந்தால் தேதியை இலவசமாக மாற்றித் தந்திருப்பார்களாம். இப்போது அபராதமும் கட்டண வித்தியாசமும் நான் கட்ட வேண்டும்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே கேள்விதான். "மொதல் வண்டி லேட்டானா ரெண்டாவது வண்டிக்காரன் பொறுப்பில்லையாடா? அப்போ கனெக்‌ஷன்னு எதுக்குப் பேரு?"

நியாயமான கேள்வி. இரண்டு வண்டிக்கு நடுவில் இருக்கும் அந்த நான்கு மணி நேரம் யாருடையது? தேடிப் போனபோது ஒன்று புரிந்தது. "கனெக்‌ஷன்" என்ற பொருளை யாரோ செய்திருக்கிறார்கள். அது தானாக வந்ததில்லை. செய்ய நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பிறகு வேறு சிலர் அதை வேண்டுமென்றே கழற்றி வைத்திருக்கிறார்கள்.

*

கதை விமானத்துக்கு முன்பே ஆரம்பிக்கிறது. 1830களின் இங்கிலாந்தில் ரயில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டவாளம், தனி டிக்கெட், தனிக் கடிகாரம். ஒரு கம்பெனியின் எல்லை முடிந்தால் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனியின் ஜன்னலில் போய் நின்று மறுபடியும் டிக்கெட் வாங்க வேண்டும். முதல் வண்டி தாமதமானால் அடுத்தவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இன்றைய பாஷையில் சொன்னால் எல்லாப் பயணங்களும் 'செபரேட் புக்கிங்'.

டிக்கெட்டையே ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் எட்மண்ட்சன். லங்காஸ்டரில் மேஜை நாற்காலி செய்து, பிறகு கார்லைலில் திவாலாகி, நியூகாசில் – கார்லைல் ரயில் பாதையில் சின்னதாக ஒரு ஸ்டேஷனுக்கு மாஸ்டராக வந்தவர். அதுவரை ஒவ்வொரு பயணிக்கும் காகிதத்தில் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை விற்றது, எவ்வளவு காசு வந்தது என்பதற்குச் சரியான கணக்கு கிடையாது. எட்மண்ட்சன் வரிசை எண் அச்சிட்ட சின்ன அட்டைகளையும், அதில் தேதி குத்த ஓர் இயந்திரத்தையும் கொண்டுவந்தார். நம் ஊர் ஸ்டேஷன்களில் 'டக்' என்று தேதி குத்திக் கொடுத்த அதே கெட்டி அட்டை. அது டிக்கெட் மட்டுமில்லை, கணக்கேட்டின் ஒரு வரி. எண் இருப்பதால் எந்த அட்டை எங்கே விற்றது, அதில் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியும்.

பிரிப்பதற்கு ஓர் இடம் வேண்டுமே? அது 1842 ஜனவரியில் லண்டனில் வந்தது. ரயில்வே கிளியரிங் ஹவுஸ். லண்டன் – பர்மிங்ஹாம் ரயில்வேயின் கணக்குத் தணிக்கையாளர் கென்னத் மோரிசன், வங்கிகள் காசோலைகளைத் தீர்த்துக்கொள்ளும் முறையைப் பார்த்து இதை அமைத்தார். ஒரு கம்பெனி முழுத் தூரத்துக்கும் டிக்கெட் விற்கலாம். கடைசியில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து மைல் கணக்கில் காசைப் பிரிப்பார்கள். சந்திப்புகளில் ஆட்களை நிறுத்தி, எந்தக் கம்பெனியின் பெட்டி எந்தத் தண்டவாளத்துக்குள் போகிறது என்று எண்களைக் குறித்துக்கொண்டார்கள். நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று 1847இல் கிரீன்விச் நேரத்தை எல்லா ஸ்டேஷன்களுக்கும் பரிந்துரைத்ததும் இந்தக் கணக்கு ஆபீஸ்தான். கடிகாரம் ஊருக்கு ஊர் மாறினால் இணைப்பு ரயில் என்று ஒன்று சாத்தியமில்லை அல்லவா?

இரண்டு முதலாளிகளின் வண்டியில் ஒரே பயணம் போக முடிந்ததற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் இல்லை. பின்னால் ஒரு கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

இதன் ஒரு கிளை நம் ஊருக்கும் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ஏறிய ஒருவர் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், பிறகு இலங்கை ரயிலில் கொழும்பு என்று ஒரே டிக்கெட்டில் போக முடிந்தது. போட் மெயில். நடுவில் கடலே இருந்தாலும் காகிதத்தில் அது ஒரே பயணம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும் வரை அது ஓடியது.

*

விமானங்கள் வந்தபோது ரயிலின் ஞாபகம் எல்லோருக்கும் இருந்தது. 1919இல் ஐரோப்பாவின் சில விமானக் கம்பெனிகள் ஹேக் நகரில் கூடி ஒரு சங்கம் அமைத்தன. அதுவே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1945 ஏப்ரலில் ஹவானாவில், இன்றைய ஐயாட்டாவாக மறுபிறவி எடுத்தது. 1947இல் அதற்கும் ஒரு கிளியரிங் ஹவுஸ் வந்துவிட்டது. மோரிசனின் அதே யோசனை, இந்த முறை டாலரிலும் பவுண்டிலும்.

ஐயாட்டா டிக்கெட்டைப் பழைய ஆட்கள் பார்த்திருப்பார்கள். சிவப்புக் கார்பன் பூசிய சின்னப் புத்தகம். உள்ளே ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தாள், பெயர் கூப்பன். சென்னையில் ஏர் இந்தியா ஆபீசில் எழுதிக் கொடுத்த புத்தகத்தில் மூன்றாவது தாள் இன்னொரு நாட்டு விமானத்துக்கானதாக இருக்கலாம். அவர்கள் தாளைக் கிழித்துக்கொண்டு ஏற்றுவார்கள். பிறகு அந்தத் தாளைக் காட்டி, டிக்கெட் விற்றவரிடம் தங்கள் பங்கை வாங்கிக்கொள்வார்கள். 'இன்டர்லைன்' என்று இதற்குப் பெயர். பெட்டியும் அப்படித்தான் கை மாறும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. முழுத் தூரத்துக்கும் காசு வாங்கியாயிற்றே!

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டது. 1929 வார்சா உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே ஒரு வாசகத்தின் சாரம் இது: பல விமான நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கொண்டுபோகும் பயணத்தைச் சம்பந்தப்பட்டவர்கள் ஒரே காரியமாகக் கருதியிருந்தால், அது ஒரே ஒப்பந்தமாக இருந்தாலும் பல ஒப்பந்தங்களாக இருந்தாலும், பிரிக்க முடியாத ஒரே பயணம்தான். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையிலும் அது அப்படியே இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. பல ஒப்பந்தங்கள் இருந்தாலும் பரவாயில்லையாமே! ஆனால் பூட்டு "சம்பந்தப்பட்டவர்கள் கருதியிருந்தால்" என்ற இடத்தில் இருக்கிறது. நான் மட்டும் கருதினால் போதாது. விற்றவரும் கருதியிருக்க வேண்டும். என் திருச்சியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவே இல்லை. சொல்லவும் அந்த இணையதளத்தில் இடம் கிடையாது.

*

இனி என் தொழிலுக்குள் வருகிறேன். 1953இல் ஒரு விமானத்தில் இரண்டு ஸ்மித்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவர் சி. ஆர். ஸ்மித். இன்னொருவர் ஐபிஎம் விற்பனைப் பிரிவின் பிளேர் ஸ்மித். அந்தப் பேச்சிலிருந்து முளைத்ததுதான் சேபர், 1960களின் முதல் பாதியில் ஓடத் தொடங்கிய முன்பதிவுக் கணினி. நாம் இன்று பிஎன்ஆர் என்று சொல்லும் ஆறு எழுத்துக் குறியீடு இந்தப் பரம்பரையில் வந்தது. ஒரு பிஎன்ஆர் என்பது ஒரு பயணியின் கோப்பு. அதற்குள் ஒவ்வொரு விமானமும் ஒரு வரி.

விமானத்தின் நேரம் மாறினால் என்ன நடக்கிறது? நிறுவனத்தின் அட்டவணை மாறியதும் அதில் இருக்கும் ஒவ்வொரு பிஎன்ஆருக்கும் ஒரு செய்தி போகிறது. பழைய வரியில் 'யூஎன்' என்று குறி விழும்: இந்த நேரத்தில் இந்த விமானம் இல்லை. பக்கத்தில் புதிய வரி 'டிகே' என்று வரும்: புதிய நேரம், உங்கள் இடம் உறுதி. இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால் மென்பொருள் இரண்டு வரிகளையும் ஒப்பிடும். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் 'குறைந்தபட்ச இணைப்பு நேரம்' என்று ஒரு எண் உண்டு. நடுவில் இருக்கும் இடைவெளி அதற்குக் கீழே போனால் இணைப்பு உடைந்தது என்று கொடி தூக்கும். யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு நிரல், வேறு வழி தேடும்.

என் விஷயத்தில் இரண்டு பிஎன்ஆர்கள், இரண்டு கணினிகளில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்தச் சுட்டியும் இல்லை. டேட்டாபேஸ் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், ஃபாரின் கீ இல்லாத இரண்டு டேபிள்கள். அவற்றை இணைக்கும் ஒரே வரி என் மண்டைக்குள் இருந்தது. அந்த மண்டைதான் பச்சைப் பட்டனை அழுத்தியது.

*

சரி, இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஏன் கழற்றினார்கள்? விலை.

பழைய இன்டர்லைன் உலகத்தில் கட்டணங்களை நிறுவனங்கள் கூடிப் பேசி வைத்தன, அரசுகள் ஒப்புக்கொண்டன. யார் டிக்கெட் விற்றாலும் ஒரே விலை என்றால்தான் கூப்பனைப் பங்கு போடுவது சுலபம். பயணிக்குப் பாதுகாப்பு இருந்தது, ஆனால் பயணி ஆவதற்கே பணக்காரராக இருக்க வேண்டும். 1978 அக்டோபரில் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் போட்டது. பிறகு ஐரோப்பாவும் அந்த வழியில் போனது.

1971இல் டெக்சாஸில் மூன்று ஊர்களுக்கு நடுவே பறக்க ஆரம்பித்த சவுத்வெஸ்ட், வந்த விமானத்தைப் பத்து நிமிஷத்தில் திருப்பி அனுப்புவதில் பெயர் வாங்கியது. அடுத்த நிறுவனத்தின் பெட்டிக்காகக் காத்திருந்தால் பத்து நிமிஷம் நடக்குமா? பெட்டி மாற்றுவதில்லை, கூப்பன் பிரிப்பதில்லை, தாமதமாக வருகிறவருக்கு அறை எடுத்துக் கொடுப்பதில்லை. ரயன்ஏர் இதையே ஐரோப்பாவில் செய்தது: நாங்கள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, அவ்வளவுதான். ஆசியாவின் மலிவு விமானங்கள் பலவும் இந்தப் பாணியில் வந்தவை.

இதை வெறும் வில்லத்தனமாக எழுத எனக்கு மனசு வரவில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் கட்டட வேலைக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வந்துபோக முடிகிறதென்றால் அது இந்த மலிவு டிக்கெட்டால்தான். நானும் ஒரே டிக்கெட்டாக வாங்கியிருக்கலாம். இருநூற்றுச் சொச்சம் டாலர் கூட. அந்த இருநூறு டாலர் எதற்கான விலை என்று அன்று எனக்குத் தெரியாது. மோரிசனின் கணக்கப்பிள்ளைக்கான சம்பளம் அது. அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்திருப்பது தெரியாமலே.

*

நீதிமன்றங்களும் இந்தக் கோட்டில்தான் நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் எண் ஒழுங்குமுறை, 2005 முதல் நடைமுறையில் இருப்பது, தாமதத்துக்கும் ரத்துக்கும் நஷ்ட ஈடு தரச் சொல்கிறது. 2013இல் வந்த ஒரு தீர்ப்பில் பயணி பிரெமனிலிருந்து பாரிஸ், சாவோ பாவ்லோ வழியாகப் பராகுவேயின் அசுன்சியோனுக்குப் போனவர். பிரெமனில் தாமதம் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் இணைப்புகள் தவறி, கடைசியில் பதினொரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கடைசி ஊரில் எவ்வளவு தாமதம் என்பதே கணக்கு என்றது நீதிமன்றம். அவர் கையில் இருந்தது ஒரே புக்கிங்.

2022இல் இன்னொன்று. ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிக், ஃபிலடெல்பியா வழியாகக் கான்சாஸ் சிட்டி. முதல் விமானம் ஒரு நிறுவனம், மற்ற இரண்டும் வேறு நிறுவனம். இரண்டுக்கும் நடுவே இந்தப் பயணத்துக்காக எந்த உறவும் இல்லை. ஒரு டிராவல் ஏஜென்சி தானாக இவற்றைச் சேர்த்து, ஒரே விலை வாங்கி, ஒரே டிக்கெட் கொடுத்திருந்தது. அதுவும் இணைப்புப் பயணமே என்றது நீதிமன்றம். ஒருவர் சேர்த்து விற்றால் அது பயணம். நானே சேர்த்தால் அது இரண்டு தனித் தனி வியாபாரம்.

நேர மாற்றத்தில் இன்னொரு நுணுக்கம். அந்த ஒழுங்குமுறையில், பதினான்கு நாளுக்கு முன்பே ரத்தைச் சொல்லிவிட்டால் நஷ்ட ஈடு கிடையாது. பணமோ மாற்று விமானமோ கேட்கலாம். அமெரிக்காவில் 2024இல் வந்த விதிப்படி உள்நாட்டில் மூன்று மணி நேரமும் வெளிநாட்டுப் பயணத்தில் ஆறு மணி நேரமும் மாறினால், பயணம் வேண்டாம் என்பவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். எல்லாம் அந்த ஒரு டிக்கெட்டின் பணம். பக்கத்து டிக்கெட்டைப் பற்றிச் சட்டத்துக்கும் ஒன்றும் தெரியாது.

கழற்றியதை மறுபடி ஒட்டவும் சிலர் முயற்சி செய்கிறார்கள். 2012இல் செக் நாட்டின் பிர்னோவில் ஆரம்பித்த, இன்று கிவி.காம் என்ற பெயரில் இருக்கும் நிறுவனம், ஒத்துப்போகாத விமானங்களைச் சேர்த்து விற்று, இணைப்பு தவறினால் தானே பொறுப்பு என்று ஒரு உத்தரவாதத்தையும் சேர்த்தது. 2017இல் ஈஸிஜெட்டே கேட்விக் விமான நிலையத்தில் மற்ற நிறுவனங்களோடு இணைத்து விற்க ஆரம்பித்தது. எனக்கு ஆச்சரியம் நம் இந்திய ரயில்வேதான். 2019 ஏப்ரல் முதல் இரண்டு ரயில்களின் தனித் தனி பிஎன்ஆர்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பயணிக்காத பகுதியின் பணத்தைப் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தருகிறார்கள். இரண்டு டேபிளுக்கு நடுவே ஒரு ஃபாரின் கீ. அம்மாவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. அவருக்கு வண்டி என்றால் ரயில்.

*

நான் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். முதலில் இரண்டாவது டிக்கெட்டை மாற்றத்தான் பார்த்தேன். வெள்ளி காலை சென்னைக்குப் போய், அங்கிருந்து ரோட்டில் திருச்சி. மதியம் இரண்டாகிவிடும், காரியம் முடிந்திருக்கும். ஆகவே முதல் டிக்கெட்டையே புதன் மாலைக்கு முன்தள்ளினேன். அபராதமும் வித்தியாசமும் சேர்த்து இருநூற்று நாற்பது டாலர். மிச்சம் பிடித்ததைவிடக் கொஞ்சம் கூட. ஆபீசில் இன்னொரு நாள் லீவு. பெட்டி எதையும் செக்-இன் செய்யவில்லை. தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுக்கக் குடியேற்றச் சோதனையைத் தாண்ட வேண்டும், இந்தியக் கடவுச்சீட்டோடு அதற்கு விசா பற்றி யோசிக்க வேண்டும். முதுகில் ஒரு பை, அதில் அப்பாவின் பழைய வேட்டி ஒன்று.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் இருபத்தொரு மணி நேரம். இந்தக் கட்டுரையின் முதல் குறிப்புகளை அங்கேதான் எழுதினேன். எதிர் பெஞ்சில் கைப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் விடிகாலையில் எழுந்து, "தம்பி, திருச்சி ஃப்ளைட்டுக்கா?" என்று கேட்டார். பெர்த்திலிருந்து வருகிறாராம். அவருக்கும் ரெண்டு டிக்கெட். "நான் எப்பவும் ஒரு நாள் முன்னாடியே வந்து படுத்துக்குவேன். நடுவுல நாமதான பாத்துக்கணும்" என்றார்.

வியாழன் இரவு வீட்டுக்குப் போனபோது பத்தரை மணி. திண்ணை விளக்கை அணைக்காமல் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஐயர் வந்தார். அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "திரும்பிப் போறதுக்கு ஒரே டிக்கெட்டுதான?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.